ஸ்க்ரூ ஸ்பேனரை எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மோட்டார் பம்பின் நட்டுகளைக் கழற்ற, நட்டின் அளவுக்கேற்ப வாயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்க்ரூ ஸ்பேனரே பெரும்பாலும் கைக்கு வருகிறது. சுவீடனைச் சேர்ந்த யோகான் பெட்டர் யோகான்சன் 1892இல் செம்மைப்படுத்திய வடிவம் அது. நட்டைக் கவ்வும் அதன் இரு தாடைகளில் ஒன்று பிடியோடு ஒரே துண்டாக இருப்பதால் உறுதியானது. திருகைச் சுழற்றினால் நகரும் மற்றொரு தாடையோ அத்தனை பலமுடையதன்று. ஆகவே, இழுக்கும் விசை அசையாத தாடையின்மீது விழும்படி, அதாவது நகரும் தாடை இருக்கும் பக்கமாகவே பிடியைத் திருப்ப வேண்டும். நட்டில் மாட்டியபின் ஸ்பேனரை லேசாக அசைத்துக்கொண்டே திருகை இறுக்கினால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் அடைபட்டுவிடும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல நட்டுகளின் முனைகள் மழுங்குகின்றன. துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு மட்டும், அதைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும் சரியான அளவு ரிங் ஸ்பேனரையே எடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி நெம்பாதீர்கள்.