வேலையை விடுமுன் தேதியைப் பாருங்கள்: ஹட்டனிலிருந்து ஒரு செய்முறை

போன மாதம் தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் கேட்டார்: "அக்கா, ராஜினாமா கடிதம் எழுதிட்டேன். திங்கட்கிழமை குடுக்கவா?" நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "நீங்க வேலைக்குச் சேர்ந்த தேதி என்ன?"

ஹட்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கையால் தைத்த குறிப்பேடுகள் செய்து விற்கிறேன். உங்களுக்குக் கைத்தொழில் ஒன்று வரும், நாலு பேர் காசு கொடுத்து வாங்கியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் அடிபட்டது வேலையை எப்போது விடுவது என்பதில்தான்.

முதலில் நியமனக் கடிதம்

அதை எடுத்துச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். இலங்கையின் 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நாமாக விலகினாலும் அது நம்முடைய பணம்.

நான் 2018 ஜூலையில் சேர்ந்து 2023 மே மாதம் விலகினேன். 4 வருடமும் 10 மாதமும். சம்பளம் 48,000. இன்னும் இரண்டே மாதம் பொறுத்திருந்தால் 24,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 120,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல காகிதம் வெட்டும் இயந்திரம் வாங்கியிருப்பேன் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். பொதுவாகப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதாகும்வரை அது கைக்கு வராது. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) பணத்தை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். அதனால் உண்மையிலேயே தேவைப்படும்போது விண்ணப்பியுங்கள்.

சீட்டுப் பிடித்திருந்தால் அது முடியும்வரை வேலையில் இருங்கள். இது என் உறுதியான அபிப்பிராயம். வருமானம் நின்றாலும் சீட்டுக்காசு நிற்காது.

அப்புறம் மழை

எங்கள் பக்கத்து வியாபாரம் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தோடு போகிறது. டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். நடுவில் ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கூட்டம் வரும். வெசாக் முடிந்த கையோடு தென்மேல் பருவமழை. நான் விலகியது சரியாக அந்த நேரத்தில்.

ஜூன் மாதம் முதல் தடவையாக 40 குறிப்பேடுகளுக்கு அட்டை ஒட்டினேன். மூன்று நாள் ஆகியும் பசை காயவில்லை. நாலாம் நாள் காலையில் பார்த்தால் அட்டைகள் வாழைமட்டை மாதிரி வளைந்து கிடந்தன. முதுகுப் பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், கிட்டக் கொண்டுபோனால் ஈரச்சாக்கு வாடை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அடுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஒன்றும் தேறவில்லை.

இரண்டு காரணம். ஒன்று, ஈரம். இன்னொன்று, காகிதத்தின் இழை ஓடும் திசையை நான் கவனிக்கவில்லை. ஈரம் பட்டால் காகிதம் இழைக்குக் குறுக்கே விரியும். இழை முதுகுக்கு இணையாக ஓடினால் ஓரளவு தாங்கும், குறுக்கே ஓடினால் ஏடு முறுக்கிக்கொள்ளும். தாளை மெதுவாக மடக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் இலகுவாக மடங்குகிறதோ, அந்த மடிப்புக் கோடு ஓடும் திசைதான் இழையின் திசை.

இப்போது முதுகில் பசையே வைப்பதில்லை. கொப்டிக் தையல் போடுகிறேன், முதுகு திறந்தபடி இருக்கும், ஏடும் தட்டையாக விரியும். நூல் மெழுகு தடவிய லினன் நூலாகத்தான் இருக்க வேண்டும். தையல் கடை நூல் மெல்லியது, இழுக்கும்போது காகிதத்தை அறுத்துவிடும். அட்டை ஒட்டும் வேலையை மார்ச்சிலேயே முடித்துவிட்டு, மழை மாதங்களில் தைக்க மட்டும் செய்கிறேன்.

உங்கள் தொழில் சவர்க்காரமோ துணியோ எதுவானாலும், அது எந்த மாதம் விற்கும், எந்த மாதம் காயும் என்று கலண்டரில் குறித்துக்கொண்டு, விற்கும் பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் விலகுங்கள். எங்கள் பக்கத்துக்கு அது செப்டெம்பர், ஒக்டோபர்.

வியாபாரப் பெயர்ப் பதிவு

கிராம சேவகரிடம் போய், பிறகு பிரதேச செயலகம். வேலையில் இருக்கும்போதே ஒரு நாள் லீவு போட்டுச் செய்யுங்கள். என்னிடம் இடத்துக்கான ஆவணம் கேட்டார்கள். தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏது உறுதிப் பத்திரம்? கடைசியில் டவுனில் இருக்கும் சித்தியின் வீட்டு முகவரியைக் கொடுத்து, அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கினேன். லயத்தில் இருப்பவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், எனக்கு மூன்று நடை ஆனது.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா எழுதினார்: "எங்களுக்கு ஜூன், ஜூலையில் வெயிலும் காற்றும்தான். மழை வருஷக் கடைசியில்." அவர் சொல்வது சரி. ஊவாப் பக்கம் வடகீழ் பருவமழை, கணக்கு அப்படியே தலைகீழ். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் நான் சொன்ன மாதங்களை விட்டுவிட்டு உங்கள் ஊர் மழையைப் பாருங்கள்.

தலவாக்கலைத் தங்கச்சிக்கு 5 வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார்.