ப்ராசஸர் சூடாகிறதா? புது ஃபேன் வாங்கும் முன்

புதுவயல் அரிசி ஆலைகளில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரைத் திறந்தால் பல சமயம் ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் கண்ணிலேயே படாது. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தவிட்டுத் தூசி அப்பியிருக்கும். விரலால் நெம்பினால் வட்டமாக, முழுசாகப் பெயர்ந்து வரும். மேலே ஃபேன் இரைந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும், தகட்டுக்குள் காற்று இறங்காது. "தம்பி, பெரிய ஃபேனா ஒண்ணு போட்டு விடுங்களேன்" என்பார் முதலாளி. காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் சர்வீஸுக்குப் போகிற நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் காற்றுக்கு வழி, அப்புறம்தான் ஃபேன்.

சூடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கோர் டெம்ப் மாதிரி இலவச மென்பொருள் போதும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, அரை மணி நேரம் நல்ல வேலை கொடுத்துவிட்டு ஒரு தடவை. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95. வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானமானால் ஹேங் ஆகிறது என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். வேலை நேரத்தில் 80க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபேன் தள்ளுவது அறைக் காற்றைத்தான், அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் முடியாது. மார்கழியில் 65 காட்டியது, சித்திரையில் அறை 10 டிகிரி ஏறினால் 75 காட்டத்தான் செய்யும். அது கோளாறு இல்லை.

சரி, 90ஐத் தாண்டுகிறது என்றால் சுத்தம் செய்ய வேண்டும். பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். பட்டாலையில் வைத்து ஊதினால் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், வெளியிலிருந்து ஊதினால் போதும்.

இதிலேயே பெரும்பாலும் சூடு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டியதுதான். இன்டெல்லோடு வரும் பழைய வகை ஹீட் சிங்க்கில் நாலு கருப்புப் பின்கள் உண்டு. தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். பழைய ரைசன்களுக்கான ஏஎம்4 வகை போர்டு என்றால் பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் நிறுத்தி, லேசாக இடம் வலம் திருகி எடுங்கள். நேராகப் பிடித்து இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும், பின்கள் வளையும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதியதை நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், அழுத்தத்தில் தானே பரவும்.

திரும்ப மாட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பின் தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அதோடு விடாமல் போர்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்: நாலு முனையும் முழுசாக வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். ஒன்று இறங்காவிட்டாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், ஆன் செய்த கொஞ்ச நேரத்திலேயே சூடு கிடுகிடுவென ஏறும்.

இனி காற்று வழி. நம் ஊர் பெரிய வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல்வரை நேராகத் தெரியும், சூட்டுக் காற்று முற்றத்து வழியாக மேலே போய்விடும். கேபினெட்டும் அப்படித்தான்: முன்னால் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன், பின்னால் ஒன்று. உள்ளே வருவது கூடுதலாக இருந்தால் காற்று ஃபில்டர் வழியாகவே நுழையும், சந்து பொந்தில் தூசி ஏறாது. ஸ்டிக்கர் ஒட்டிய, குறுக்குக் கால்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சைடு பேனலைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைப்பது ஆபத்துக்கு உதவும். ஆலையில் அதைச் செய்தால் தவிட்டை அழைத்து உட்கார வைத்த மாதிரி. கம்ப்யூட்டர் மேசையின் கதவு போட்ட அறை அதைவிட மோசம், விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். வெளியே எடுத்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வையுங்கள்.

ப்ராசஸர் ஃபேன் ஒயரை போர்டில் 'சிபியு ஃபேன்' என்று போட்ட இடத்திலேயே சொருகுங்கள்; இல்லாவிட்டால் பல போர்டுகள் ஆன் ஆகும்போதே எரர் காட்டி நின்றுவிடும். போர்டின் செட்டிங்ஸ் பக்கமான பயாஸில் ஃபேனை 60 டிகிரிவரை மெதுவாகவும் 80ல் முழு வேகமாகவும் வைத்தால் சத்தமும் அடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு இறங்காதவர்கள், குறிப்பாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், உயரமான ஹீட் சிங்க்கில் ஃபேன் மாட்டிய டவர் கூலர் வாங்கலாம். சாக்கெட் பொருந்துமா என்று கேளுங்கள், கேபினெட் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள கூலர்கள் பல 155 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், அது கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். விலை குறைந்த கேபினெட்டில் மூடி சாத்த முடியாமல் போகும். வீட்டுக் கம்ப்யூட்டரை ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு தடவை, பங்குனி வெயிலுக்கு முன் ஒரு தடவை ஊதினால் போதும். ஆலைக்கு மாதம் ஒரு தடவை.