பழைய ஹெல்ப் கோப்புகளை மாற்றும்போது கோட்டைவிடும் இடங்கள்

தொண்ணூறுகளில் எழுதிய மென்பொருளை இன்றும் நம்பி வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கையேடு பெரும்பாலும் விண்டோஸின் உதவிக் கோப்பு வடிவங்களான எச்.எல்.பி. (.hlp) கோப்பாகவோ சி.எச்.எம். (.chm) கோப்பாகவோ இருக்கும். எச்.எல்.பி. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. அதைத் திறக்கும் நிரலை விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு தருவதில்லை. விண்டோஸ் 10க்குத் தனியாகவும் தரவில்லை. 1997இல் வந்த சி.எச்.எம். விண்டோஸில் இன்னும் திறக்கும், ஆனால் கைபேசியில் அதற்கென்று தனிச் செயலி வேண்டும். ஆகவே வேறு வடிவத்துக்கு மாற்றத்தான் வேண்டும். அதை அரைகுறையாகச் செய்தால், கையேடு இருந்தும் பயனில்லை.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அச்சு கொடுத்து பி.டி.எஃப். ஆக்குவதுதான் பெரிய தவறு. எழுத்து வந்துவிடும், இணைப்புகளும் தலைப்பு அடுக்கும் போய்விடும். ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் நிரல்) வைத்துப் படிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வழியில்லாமல் முந்நூறு பக்கத்தையும் வரிசையாகக் கேட்க வேண்டியதுதான். முதலில் இணையப் பக்க வடிவமான எச்.டி.எம்.எல். ஆக்குங்கள். அது ஒழுங்காக இருந்தால் இ-பப் என்ற மின்னூல் வடிவம், பி.டி.எஃப். எல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

இணையத்திலிருந்து இறக்கிய சி.எச்.எம். கோப்பில் இடப்பக்கம் பொருளடக்கம் தெரியும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருக்கிறது. நம்பகமான கோப்பு என்றால் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் செய்யலாம். 7-ஜிப் என்ற, சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் நிரல் கொண்டு உள்ளிருப்பதைப் பிரித்தெடுப்பது அதைவிட நல்லது. பிரித்ததும் பக்கங்கள் குவியலாக வந்து விழும். அவற்றின் வரிசை எச்.எச்.சி. (.hhc) கோப்பிலும், சொல்லடைவு எச்.எச்.கே. (.hhk) கோப்பிலும் இருக்கும். பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவை இரண்டையும் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். எச்.எல்.பி.க்கும் இதே கதிதான்: அதன் பொருளடக்கம் பக்கத்திலேயே சி.என்.டி. (.cnt) என்ற தனிக் கோப்பாகக் கிடக்கும், நகலெடுக்கும்போது விட்டுப்போகும்.

எச்.எல்.பி.யைப் பிரிக்க ஹெல்ப்டெகோ என்ற நிரல் இருக்கிறது. அது வேர்டு போன்ற நிரல்களில் திறக்கும் ஆர்.டி.எஃப். கோப்பைத் தரும். அதை அப்படியே வேர்டில் திறந்து எச்.டி.எம்.எல்.ஆகச் சேமிக்கும்போதுதான் காரியம் கெடுகிறது. அந்தக் கோப்பில் இரட்டை அடிக்கோடு போட்ட சொல்தான் இணைப்பு. அது எங்கே போகிறது என்பது சொல்லையொட்டி மறைத்த எழுத்தில் இருக்கும். பக்கத்தின் அடையாளம், தலைப்பு, தேடுசொற்கள் மூன்றும் #, $, K என்ற குறிகளோடு அடிக்குறிப்பாக வரும். இவற்றைப் படித்து முறையான இணைப்பாகவும் தலைப்பாகவும் மாற்ற ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஒற்றை அடிக்கோடு என்றால் அது சின்னப் பெட்டியில் வரும் விளக்கம். அதைத் தனிப் பக்கமாக்காமல் அந்த இடத்திலேயே சேர்ப்பது படிப்பவருக்கு வசதி.

படங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "சேமிக்க" என்ற சொல்லுக்குப் பின் பொத்தானின் படம், அப்புறம் "அழுத்தவும்". மாற்றிய பிறகு அந்தப் படத்துக்கு மாற்று உரை (படம் என்ன என்று சொல்லும் சிறு எழுத்து) இல்லையென்றால், பார்வையற்றவர் காதில் "சேமிக்க, பி.எம். ஏழு, அழுத்தவும்" என்பதுபோல் விழும். எதை அழுத்துவது? ஒரே பொத்தான் படம் நூறு இடத்தில் வரலாம், ஆனால் கோப்பு ஒன்றுதான். அதற்கு ஒரு முறை பெயர் எழுதி, ஸ்கிரிப்ட் மூலம் அந்தப் படம் வரும் இடமெல்லாம் மாற்று உரையாகப் போட்டுவிட்டால் நூறு இடமும் சரியாகும். இந்த வேலையைச் சோம்பலால் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சி.எச்.எம். பக்கங்களில் "தொடர்புடைய தலைப்புகள்" பொத்தான் பல நேரம் ஆக்டிவ்எக்ஸ், அதாவது பக்கத்துக்குள் பதித்த பழைய மைக்ரோசாஃப்ட் நிரல்துண்டு. இன்றைய உலாவியில் அது தெரியவே தெரியாது. உள்ளிருக்கும் இணைப்புகளைச் சாதாரணப் பட்டியலாக எழுதுங்கள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் கண்டுகொள்ளும். அதில் ஏற்றிய மறுநாள் பாதி இணைப்பு அறுந்து நிற்கும். தமிழ்க் கையேடு என்றால் பாமினி, டாப் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம்; யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தேடவும் முடியாது, ஸ்கிரீன் ரீடரும் உளறும்.

முடித்ததும் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, மவுஸைத் தொடாமல் ஏதாவது ஒரு விளக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பாருங்கள். மூலக் கோப்பை, சி.என்.டி.யோடு சேர்த்து, பத்திரமாக வையுங்கள்.