வெஸ்லே மலையை வலமாகச் சுற்றி வர: முதல்முறை நடப்பவர்களுக்கு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில் வெஸ்லே என்றொரு சிற்றூர் இருக்கிறது. நீண்ட மலை முதுகின் மேல் வீடுகள் வரிசையாக ஏறிச் செல்ல, உச்சியில் மகதலா மரியா பேராலயம் நிற்கிறது. 1979ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பெரும்பாலானோர் ஊர் வாசலில் காரை நிறுத்தி, கடைத்தெரு வழியாக ஆலயம்வரை ஏறி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் கால்நடையாக வந்து சேர்ந்த ஊர் இது. இதன் வரலாறும் மலையடிவாரத்தில்தான் தொடங்குகிறது. கீழிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டே ஏறி, மறுபுறம் இறங்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் வெஸ்லே புரியும். மொத்தத் தூரம் சுமார் 8 கிலோமீட்டர். ஏற்றம் 150 மீட்டர் அளவில். நடைப்பயணப் பழக்கம் இல்லாதவர்களும் நிதானமாக முடித்துவிடலாம். நடப்பதற்கு மட்டும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்துக்கு இன்னொரு மணி நேரமாவது வேண்டும்.

1. வரைபடத்தில் முக்கோணம் போடுங்கள்

மூன்று ஊர்களின் பெயரை மனத்தில் வையுங்கள்: சேன்-பேர், வெஸ்லே, அஸ்கேன். வெஸ்லே மேற்கே மலைமேல் இருக்கிறது. அதன் தென்கிழக்கே க்யூர் ஆற்றங்கரையில் சேன்-பேர். வடக்கே, அதே ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே, அஸ்கேன். சேன்-பேரில் தொடங்கி வெஸ்லேக்கு ஏறி, அஸ்கேனுக்கு இறங்கி, ஆற்றோரப் பள்ளத்தாக்கு வழியாகச் சேன்-பேருக்குத் திரும்புவதே நம் சுற்று.

இப்படிப் போவதில் இரண்டு வசதிகள் உண்டு. கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே ஏற்றம் முடிந்துவிடுகிறது. வலமாகச் சுற்றுவதால் மலை பெரும்பாலும் உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும். வழி குழம்பினால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தை வாங்குங்கள், அல்லது கைபேசியில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். இந்த மூன்று ஊர்களையும் இணைக்கும் தார்ச்சாலைகள் தடித்த கோடுகளாகத் தெரியும். நமக்கு வேண்டியவை அவற்றை ஒட்டியும் விலகியும் ஓடும் மெல்லிய கோடுகளும் புள்ளிக்கோடுகளும். முதல் நாள் இரவே உட்கார்ந்து அந்தப் பாதைகளைப் பென்சிலால் இணைத்து வைத்துவிட்டால் மறுநாள் வேலை பாதியாகக் குறையும்.

2. சாயக்கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரான்சில் நடைபாதைகளை மரத்திலும் கல்லிலும் கம்பத்திலும் சாயம் தீட்டிக் குறிக்கிறார்கள். மஞ்சள் கோடு ஒன்று இருந்தால் அது உள்ளூர்ச் சிறு சுற்று. வெள்ளைக்கோட்டின் கீழே சிவப்புக்கோடு இருந்தால் பல நாள் நடக்கும் நெடும்பாதை. அந்த வகையில் 13ஆம் எண் நெடும்பாதை வெஸ்லே வழியாகப் போகிறது. கோடு வளைந்து காட்டினால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பெருக்கல் குறி போட்டிருந்தால் அது உங்கள் வழி அல்ல. நீலப் பின்னணியில் மஞ்சள் சிப்பி தெரிந்தால், அது ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ நகரை நோக்கிச் செல்லும் யாத்திரைப் பாதை. அந்தப் பெரும் யாத்திரையின் பிரெஞ்சுப் பாதைகள் நான்கில் ஒன்று வெஸ்லேயிலிருந்துதான் புறப்படுகிறது.

பத்து நிமிடம் நடந்தும் எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள். குறுக்கே வயலில் இறங்க வேண்டாம்.

3. வந்து சேர்வதும் பையில் வைப்பதும்

காரில் வந்தால் ஏ6 நெடுஞ்சாலை. அவலோன் நகரிலிருந்து 15 கிலோமீட்டர். ரயிலில் வருவோர் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து அவலோன் வழித்தடத்தில் வந்து செர்மிசெல்-வெஸ்லே நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஊர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்பதால் டாக்சியை முன்னதாகவே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மலையேறும் கனத்த காலணி தேவையில்லை. அடிப்பகுதி வழுக்காத சாதாரணக் காலணி போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ரொட்டி, பழம், மெல்லிய மழைச்சட்டை. சிற்றூர்க் கடைகள் மதிய வேளையில் மூடிவிடும், வாரத்தில் ஒரு நாள் முழுக்கவே மூடியிருக்கும். அதனால் உணவைக் கையோடு கொண்டுபோங்கள். பொதுக் குழாய்களில் "ஓ நோன் போதாப்ள்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத நீர்.

4. சேன்-பேர்: மடம் பிறந்த இடம்

ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜிரார் த ரூசியோன் என்ற பிரபு இங்கே, ஆற்றங்கரையில், கன்னியர் மடம் ஒன்றை நிறுவினார். ஆறுகளின் வழியாகப் படகில் வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகள் அதை அழித்தார்கள். அதன் பிறகுதான் மடம் பாதுகாப்புத் தேடி மலையுச்சிக்குப் போனது. அங்கே துறவியர் குடியேறினர். ஆற்றங்கரையில் நின்று மேலே பாருங்கள். ஏன் அந்த உச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது.

இங்குள்ள நோத்ர்-தாம் ஆலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோதிக் கட்டடம். நுட்பமான மணிக்கூண்டும் அகன்ற முகப்பு மண்டபமும் கொண்டது. மேலே இருக்கும் பேராலயத்தின் புகழில் இது மறைந்துபோவது எனக்கு வருத்தம்தான். புறப்படும் முன் பத்து நிமிடமாவது இதன் முன்னால் நில்லுங்கள்.

5. ஏற்றம்

சேன்-பேரிலிருந்து மேற்கு நோக்கி ஏறுங்கள். பேராலயத்தின் கோபுரம் பெரும்பாலும் கண்ணில் படும் என்பதால் திசை தவறுவது கடினம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள்.

சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களைக் காண்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலாக்செரா என்ற பூச்சி இப்பகுதிக் கொடிகளை அழித்தது. 1970களில் மறுபடியும் நடவு தொடங்கியது. 2017ஆம் ஆண்டு வெஸ்லே என்ற பெயரே ஷார்தொனே வெள்ளை ஒயின் விளைந்த இடத்தைக் குறிக்கும் தனி மூலப்பெயராக அங்கீகாரம் பெற்றது. இது ஒரு சிற்றூரின் நூறாண்டுப் பிடிவாதம்! பழத்தில் கை வைக்காதீர்கள்; வரிசைகளுக்கு நடுவே நுழையாதீர்கள்.

6. ஊருக்குள்

ஊரின் கீழ்முனையில் உள்ள ஷாம்-த-ஃபுவார் சதுக்கத்துக்கு வந்து, அங்கிருந்து சேன்தெத்தியேன் தெரு வழியாக ஏறுங்கள். பக்கவாட்டுச் சந்து வழியாகக் குறுக்கே போய்விட்டால் இந்தத் தெருவின் அழகை இழந்துவிடுவீர்கள்.

இந்தத் தெருவில்தான் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1944 டிசம்பர் 30 அன்று இறந்தார். காந்தியைப் பற்றி 1924இல் நூல் எழுதியவர். 1931இல் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது காந்தியே அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். புதுச்சேரியில் அவர் பெயரில் இயங்கும் நூலகத்தின் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த வீடு அந்நியமாகத் தோன்றாது. இப்போது அது நவீனக் கலைக்கான ஸெர்வோஸ் அருங்காட்சியகம்.

பேராலயத்தில் அவசரம் வேண்டாம். முதலில் முன்மண்டபத்தில் நின்று, நடுவாயிலுக்கு மேலே உள்ள அரைவட்டச் சிற்பத்தைப் பாருங்கள். 1130ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது. கிறிஸ்துவின் கைகளிலிருந்து கதிர்கள் சீடர்களின் தலைக்குப் பாய்கின்றன. சுற்றிலும் அக்கால ஐரோப்பியர் கற்பனை செய்த உலகத்து மக்கள்: குதிரையேற ஏணி வைக்கும் குள்ளர்கள், உடலையே மூடும் பெருஞ்செவியர், நாய்த்தலை மனிதர்கள். நாய்த்தலையர் வாழ்வது இந்தியாவில் என்று அன்றைய நூல்கள் எழுதின. நம்மை நேரில் காணாத ஒரு சிற்பி நமக்கும் அந்தச் சுவரில் இடம் ஒதுக்கியிருக்கிறான். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அவனுடைய உலகம் எவ்வளவு பெரியதாக இருக்க ஆசைப்பட்டது என்றே தோன்றுகிறது.

உள்ளே நடுக்கூடம் 1120இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு கட்டப்பட்டது. வெளிர்நிறமும் அடர்நிறமும் மாறி மாறி வரும் கல் வளைவுகளின் கீழே, ஒவ்வொரு தூண் போதிகையும் ஒரு கதை சொல்கிறது. தென்புறத் தூண்களில் ஒன்றைத் தேடுங்கள்: ஒருவர் தானியத்தை எந்திரத்தில் கொட்ட, இன்னொருவர் கீழே மாவைச் சாக்கில் பிடிக்கிறார். கொட்டுபவர் மோசே, பிடிப்பவர் பவுல் என்பது வழக்கமான விளக்கம். ஜூன் மாதக் கோடைத் திருப்பத்தை ஒட்டிய நாட்களில், பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பு, தென் ஜன்னல்களின் ஒளி நடுக்கூடத்தின் நடுக்கோட்டில் வரிசையாகப் படிகிறது. முடிந்தால் அந்த நாட்களில் போங்கள்.

இவையெல்லாம் இடிந்து விழும் நிலையில் இருந்தவை. 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் அரசு ஆய்வாளரான ப்ரோஸ்பேர் மெரிமே வந்து பார்த்து அபாயத்தை எடுத்துச் சொன்னார். 1840இல் வியோலே-லெ-டுக் என்ற 26 வயது இளைஞரிடம் சீரமைப்பு ஒப்படைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் ஆலயத்தின் பின்புறமுள்ள மாடத்துக்குச் செல்லுங்கள். க்யூர் பள்ளத்தாக்கும் தூரத்தில் மோர்வான் காடுகளும் விரிந்து கிடக்கும். வரைபடத்தை எடுத்து, இனி நடக்கப்போகும் நிலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

7. இறக்கம்: லா கோர்தெல்

சேன்த்-க்ருவா வாயில் வழியாக மதிலைக் கடந்து வடபுறச் சரிவில் இறங்குங்கள். சிறிது தூரத்தில் மரங்களுக்கிடையே லா கோர்தெல் என்ற சிறு வழிபாட்டிடம் வரும். 1146 மார்ச் 31 அன்று கிளேர்வோ மடத்தின் பெர்னார் இந்தச் சரிவில் நின்றுதான், ஏழாம் லூயி மன்னர் முன்னிலையில், இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். கூட்டம் ஆலயத்துக்குள் அடங்காததால் வெளியே மேடை போட்டார்கள். அந்தப் போர் தோல்வியிலும் பெரும் உயிரிழப்பிலும் முடிந்தது. 1217இல் அதே இடத்தருகே, அசிசியின் பிரான்சிஸ் அனுப்பிய எளிய துறவியர் வந்து தங்கினார்கள். பிரான்சில் அவர்களின் முதல் இருப்பிடம் இதுவே என்பது மரபு. எனக்கு இந்தச் சுற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். மதிய உணவை இங்கே வைத்துக்கொள்ளலாம். வழிபாட்டிடம் என்பதால் குரலைத் தாழ்த்துங்கள்.

மழைக்குப் பிறகு இந்த இறக்கம் வழுக்கும். அடிகளைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கி இறங்குங்கள்.

8. அஸ்கேன் வழியாகத் திரும்புதல்

அஸ்கேனில் சந்தியாகோ பாதையின் பகுதியாக 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த புனித யாக்கோபு ஆலயம் இருக்கிறது. பிறகு தெற்கே, ஆற்றின் போக்குக்கு எதிராக நடங்கள். மலைக்கும் ஆற்றுக்கும் இடையிலேயே இருந்தால் ஆறு இடக்கையில், மலை வலக்கையில். ஏற்றம் அதிகமில்லை. தார்ச்சாலையில் நடக்க நேர்ந்தால் எதிரே வரும் வண்டிகளைப் பார்க்கும்படி இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். நீங்கள் திறந்த வேலிக்கதவுகளை மூடிவிடுங்கள். எதிரே வருபவருக்கு "போன்ழூர்" சொல்வது இங்கே கட்டாய மரியாதை.

இலையுதிர் காலத்திலும் குளிரிலும் வேட்டை நடக்கும். பாதையில் வேட்டை அறிவிப்புப் பலகை தெரிந்தால் வேறு வழி போங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள். புல்வெளிகளில் உண்ணி உண்டு என்பதால் நீளக் கால்சட்டை நல்லது. அவசர உதவிக்கு 112.

சேன்-பேர் வந்த பிறகும் நேரமும் தெம்பும் இருந்தால், தெற்கே சுமார் 2 கிலோமீட்டரில் ஃபோன்தேன்-சலே உப்பூற்றுகள். குடையப்பட்ட ஓக் மரத் தண்டுகளை மண்ணில் இறக்கி உப்புநீர் எடுத்த நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கிணறுகளும் ரோமானியர் காலக் குளியல் கட்டடங்களின் அடித்தளமும் அங்கே கிடைத்துள்ளன. அது திறந்திருக்கும் காலமும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். காலையில் புறப்படும் முன்பே விசாரித்துவிடுங்கள்.