'வீடு விற்பனைக்கு' போர்டு மாட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை விற்கலாம் என்று பேச்சு முடிந்த மறுநாளே பலர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, நடுவில் பெரிதாக செல்போன் எண். கேட்டில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியாயிற்று, இனி வாங்குபவர் தானாகத் தேடி வருவார் என்று ஒரு நம்பிக்கை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை என்பதால் இதை ஒரு முடிவாகவே யாரும் எண்ணுவதில்லை.

ஆனால் அந்தப் போர்டை வாங்குபவர் பார்ப்பதற்கு முன் தெரு படித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், மாடியில் குடியிருப்பவர், முனைக்கடைக்காரர், அந்த ஏரியா புரோக்கர், ஊரிலிருந்து வந்துபோகும் சொந்தக்காரர் என்று வரிசையாக எல்லாருக்கும் செய்தி போய்விடும். இவர்களில் சிலருக்கு நீங்கள் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை போர்டு சொன்னால்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

கூடப் பிறந்தவர்கள் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

இதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்றால், அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. இருந்தும் பல குடும்பங்களில், "அக்காவுக்குத்தான் கல்யாணத்துலயே செஞ்சாச்சே" என்று அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும் அக்கா, தான் பிறந்து வளர்ந்த வீட்டின் கேட்டில் 'விற்பனைக்கு' என்று தொங்குவதைப் பார்க்கிறார். அந்த நிமிடம் அவருக்குள் என்ன நடக்கும் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் யாருக்கும் கிரயம் செய்து தர முடியாது. முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் மனமுவந்து கையெழுத்துப் போட்டிருக்கக்கூடியவர், இப்போது வக்கீலைப் பார்க்கப் போகிறார். பாகப்பிரிவினை வழக்கு என்று ஒன்று நீதிமன்றத்தில் விழுந்துவிட்டால், நல்ல பார்ட்டி யாரும் அந்த வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டார்கள். மிஞ்சுவது, சிக்கலைத் தெரிந்துகொண்டே அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள்தான். எனவே எல்லா வாரிசுகளும் உட்கார்ந்து பேசி, விலையிலும் பங்கிலும் ஒரு முடிவுக்கு வரும்வரை கேட்டில் எதையும் மாட்டாதீர்கள். அம்மா உயிரோடு இருந்தால் அவரிடம்தான் முதல் பேச்சு. அவருக்குப் பங்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாளை காலையில் அந்தப் போர்டைத் தாண்டித்தான் அவர் கோலம் போட வர வேண்டும்.

வாடகைக்கு இருப்பவரிடம் சொல்லாமல் விடுவது

வீட்டில் குடித்தனம் இருந்தால், வீடு பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டப்போவது அவர்தான். போர்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்றால் அவர் முகத்தில் அது தெரியும். "தண்ணி உப்பு சார், ரெண்டு மழை பேஞ்சா வாசல் வரைக்கும் நிக்கும்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் முடிச்சூர், வேளச்சேரி பக்கம் வீடு பார்க்க வருபவர்கள் பத்திரத்தைக் கேட்பதற்கு முன்பே "இங்க தண்ணி நின்னுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். உங்களிடம் கேட்டதை டீக்கடையிலும் மாடி வீட்டிலும் மறுபடி கேட்டுச் சரிபார்ப்பார்கள். தண்ணீர் நின்றது உண்மையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள், எவ்வளவு நின்றது, பிறகு என்ன செய்தீர்கள் என்பதோடு.

வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது. ஆகவே வாடகைதாரரை உட்காரவைத்து, எப்போது விற்கப்போகிறீர்கள், அட்வான்ஸை யார் திருப்பித் தருவார்கள், அவருக்கு எத்தனை மாத அவகாசம் என்பதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். அப்படியே, அவருக்கே வாங்கும் எண்ணம் உண்டா என்றும் கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால் அதே தெருவில் நிலைக்க நினைக்கும் குடும்பங்கள் நிறைய.

பக்கத்து மனைக்காரரையும் விட்டுவிடக் கூடாது. தன் இடத்தை ஒட்டி இன்னொரு அரை கிரவுண்டு சேர்ந்தால் அவருக்கு அதன் பயன் மற்றவர்களைவிட அதிகம், அதற்கேற்ப விலையும் தருவார். நீங்களாகப் போய், "வெளியே சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றேன்" என்றால் அது மரியாதை. போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், எதற்கும் விலை இறங்கட்டும் என்று ஆறு மாதம் வேடிக்கை பார்ப்பார்.

'புரோக்கர் வேண்டாம்' என்று எழுதிவிட்டால் போதும் என நினைப்பது

எழுதினாலும் வரும் முதல் அழைப்புகளில் பெரும்பகுதி புரோக்கர்களுடையதுதான். சிலர் நேரடியாகச் சொல்வார்கள், சிலர் வாங்குபவராகவே பேசுவார்கள். "யார் பேர்ல பதியப் போறீங்க? பேங்க் லோனா, கையில இருக்கிற பணமா? வீட்டம்மாவோட எப்ப வந்து பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். உண்மையில் வாங்க வந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

புரோக்கர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல புரோக்கர் ஒருவர் பத்து போர்டுகளுக்குச் சமம். பிரச்சினை, யாரிடமும் எதுவும் பேசி முடிக்காமல் போர்டு மட்டும் தொங்கும்போது வருகிறது. ஆளாளுக்கு அதைப் போட்டோ எடுத்து, ஆளுக்கொரு விலை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். ஒரே வீடு மூன்று விலையில் வந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராதா? கடைசியில், தானாகப் போர்டைப் பார்த்து வந்த ஒருவருக்கே "நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று இரண்டு பேர் கமிஷன் கேட்டு நிற்பதும் நடக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்தத் தேதியில் அழைத்தார், யார் மூலம் வந்தார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தருவீர்கள் என்பதை வீட்டைக் காட்டும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

போர்டில் எதையெல்லாமோ எழுதுவது

எந்தத் திசை பார்த்த வீடு, எத்தனை சதுர அடி மனை, எந்த நேரத்தில் அழைக்கலாம், ஒரு போன் நம்பர். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சர்வே நம்பர், பத்திர எண் எழுதவே எழுதாதீர்கள். அந்த எண் கையில் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து, உரிமையாளர் பெயர் முதல் அடமானம் வரை தெரிந்துகொள்ள முடியும். தமிழ்நாட்டில் பல காலி மனைகளில் 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போலி ஆளை நிறுத்திப் பத்திரம் பதியும் மோசடிக்குப் பயந்துதான் அப்படி எழுதுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாங்க வருபவர் நம்பத்தக்கவர் என்று தெரிந்த பிறகு ஆவணங்களின் நகலைக் கொடுத்தால் போதும்.

போன் நம்பர் விஷயத்திலும் கவனம் தேவை. வங்கிக் கணக்கோடும் யுபிஐயோடும் இணைந்த நம்பரைப் போட்டால், அதைப் பணம் அனுப்பும் செயலியில் தட்டியவுடனே உங்கள் முழுப்பெயர் வந்துவிடும். தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். "ராணுவத்துல இருக்கேன், வீட்டைப் பார்க்க வர முடியல, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு குரல் வரும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண்ணைப் போட்டால் போகப்போவது உங்கள் பணம்தான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் அவர்கள் நம்பரையே போடாதீர்கள், மகனோ மகளோ பேசட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்குப் போர்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்வதாகிவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியும் பொறுப்பும் கொடுத்து, சொல்லி விற்பதுதான் பாதுகாப்பு. அடுக்ககத்தில் மூன்றாவது மாடி வீட்டுக்கும் போர்டால் பெரிய பலன் இல்லை. வேண்டுமென்றால் சங்கத்தின் அனுமதி வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டலாம். மரத்தில் ஆணி அடித்தும் கரண்ட் கம்பத்தில் கட்டியும் மாட்டுவதை விட்டுவிடுங்கள், மரத்துக்கும் கேடு, அபராதமும் வரும்.

மாட்டிவிட்டு மறந்துபோவது

ஆனி கடைசியில் போர்டு மாட்டினால் அடுத்து ஆடி. ஆடிப்பெருக்கு தவிர அந்த மாதத்தில் பத்திரம் பதிய நம் ஊரில் பெரும்பாலோர் முன்வர மாட்டார்கள். முகூர்த்த நாட்களில் கூட்டம் சேர்வதால், ஒரு சார்பதிவாளர் மட்டும் உள்ள அலுவலகங்களுக்குப் பதிவுத்துறையே வழக்கமான 100 டோக்கனுக்குப் பதில் 150 தருகிறது. தையிலோ ஆவணியிலோ மாட்டினால் புதிதாகக் கண்ணில் படும் போர்டு, ஆடியில் வெளுத்துப்போய்த் தொங்கும். எழுத்து மங்கி, நம்பரின் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியாத போர்டுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அந்த வழியாகத் தினமும் போகிறவர், "இவ்வளவு நாளா போகலையா? ஏதோ வில்லங்கம் இருக்கும்போல" என்பார். கடன் பாக்கிக்காக வங்கிகள் சுவாதீனம் எடுத்து நோட்டீஸ் ஒட்டும் வீடுகளையும் ஊர் பார்த்திருக்கிறது. நாள்பட்ட போர்டைப் பார்த்தால் அந்த எண்ணமும் சேர்ந்து வரும். இரண்டு மாதத்தில் உருப்படியான பார்ட்டி வரவில்லை என்றால் போர்டை இறக்கிவிட்டு விலையை மறுபடி யோசியுங்கள்.

போர்டைப் பார்த்து வந்து பிடித்துப்போன சிலர், நல்ல நாள் என்று வெற்றிலைபாக்கோடு ரொக்கமாக டோக்கன் அட்வான்ஸ் நீட்டுவார்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான். சாஸ்திரத்துக்கு நூற்றொரு ரூபாய் கையில் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் வந்த அன்றே போர்டை எடுத்துவிடுங்கள். கிரயம் ஆகும்வரை இருக்கட்டும் என்று விட்டால், கூடுதல் விலை சொல்லி இன்னொருவர் வருவார், முதல் பார்ட்டிக்கு அது காதில் விழும், நம்பிக்கை போய்விடும். காம்பவுண்டு சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தால் அதன்மேல் வெள்ளையடித்து, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட புரோக்கர்களுக்கும் "முடிஞ்சிடுச்சு" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.