போன் பழக்கத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

மன உறுதியை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதோடு தினமும் மல்லுக்கட்டுவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போனின் செட்டிங்ஸை மாற்றிவிடுவது சுலபம். இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள்

செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கும். 2018இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது அறிமுகமானது. (ஐபோனில் இதே வேலையைச் செய்வது 'ஸ்கிரீன் டைம்'.) எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதைவிட, எத்தனை முறை போனைத் திறந்தோம் என்பதைக் கவனியுங்கள். பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

2. நோட்டிபிகேஷனைக் குறையுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அழைப்பு, குறுஞ்செய்தி, வங்கி, வேலைக்குத் தேவையானவை தவிர மற்ற எல்லா ஆப்களின் நோட்டிபிகேஷனையும் நிறுத்திவிடுங்கள். ஷாப்பிங் ஆப், சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப், கேம் எதுவும் நம்மைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்; தேவையில்லாத நோட்டிபிகேஷன் வரும்போது அதை அழுத்திப் பிடித்தால், அங்கேயே நிறுத்தும் வசதி வரும்.

அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள். சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து வெளியேறினால் மனவருத்தம் வரும், அது எல்லோருக்கும் தெரியும். வெளியேற வேண்டாம். 'மியூட்' செய்து 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், பிறகு 'ஆர்க்கைவ்' செய்யுங்கள்; குழு முதன்மைப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். யாருக்கும் தெரியாது, சண்டையும் இல்லை.

3. யூடியூப் முகப்பை வெறுமையாக்குங்கள்

வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வராது. தேடினால்தான் கிடைக்கும். சமையல் குறிப்பு பார்க்கப் போய் ஒரு மணி நேரம் தொலைப்பது இதனால் வெகுவாகக் குறையும். அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேவையும் அணைத்துவிடுங்கள்.

4. படுக்கையறைக்கு வெளியே சார்ஜர்

சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். "அலாரத்துக்கு வேண்டுமே" என்பீர்கள். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள், வீண் செலவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்து, இரவில் அழைப்பு வரலாம் என்றால், ஒலியை நன்றாகக் கூட்டி ஹாலிலேயே வையுங்கள்.

 

5. டைமர் கடைசியில்தான்

ஓர் ஆப்பை ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் பார்க்கலாம் என்று எல்லை வைப்பதுதான் டைமர். பலரும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் டைமரை நாமே நீக்கிவிடலாம் என்பதால், மேலே சொன்னவை இல்லாமல் அது பலன் தராது. டிஜிட்டல் வெல்பீயிங்கில் அதிக நேரம் தின்னும் ஒரே ஓர் ஆப்புக்கு வையுங்கள். இப்போது பார்ப்பதைவிடக் கால் மணி நேரம் குறைத்தால் போதும். அது பழகியபின் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.