ஃபேன்டசி நாவலின் முதல் அபிப்பிராயத்தைச் சூடு ஆறுவதற்குள் எழுதுவது எப்படி?

ஒரு ஃபேன்டசி சாகச நாவலைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு அத்தியாயம் ஆனதுமே முதல் குறிப்பை எழுதிவிடுங்கள், அதுவும் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு வரிகூடப் பார்ப்பதற்கு முன்னால். இந்த வகை நாவலில் புது உலகம், புதுப் பெயர்கள், புது விதிகள் எல்லாம் ஆரம்பத்திலேயே மொத்தமாக வந்து இறங்கும். கடைசி அத்தியாயத்துக்குப் போகும்போது எல்லாம் பழகிப்போயிருக்கும், எங்கே திணறினோம், எங்கே வாயைப் பிளந்தோம் என்பது ஞாபகத்திலேயே இருக்காது.

எவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்டால், ஒரு பத்தி போதும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ஃபேன்டசி நாவல் 'தி ஹாபிட்' 1936-இல் லண்டனில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்துக்கு வந்தபோது, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் 10 வயது மகன் ரேய்னரிடம் படிக்கக் கொடுத்தார். குழந்தைகள் புத்தகத்தை எடைபோடக் குழந்தைதான் சரியான ஆள் என்பது அவர் நம்பிக்கை. ரேய்னர் எழுதியது ஒரே பத்தி, கூலி ஒரு ஷில்லிங் (அந்தக் கால பிரிட்டிஷ் நாணயம்). கதையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, நில வரைபடங்கள் இருந்தால் வேறு படமே தேவையில்லை, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்துவிட்டான். அடுத்த வருஷம் செப்டம்பர் 21 அன்று புத்தகம் வெளிவந்தது. அந்தப் பத்தியில் இருப்பதைப் பாருங்கள்: கதை என்ன, படிக்க எது உதவும், யாருக்குப் பிடிக்கும். பத்து வயசுப் பையன், இது தன்னைவிடச் சின்னவர்களுக்கானது என்று சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வாசகனின் வயசு தெரிந்தால்தான் அபிப்பிராயத்துக்கே அர்த்தம் வருகிறது. அதனால் நீங்களும் இந்த வகையில் நிறையப் படித்தவரா, இதுதான் முதல் புத்தகமா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், 'உலகக் கட்டமைப்பு பிரமாதம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த இடத்தில் அந்த உலகத்தை நம்ப ஆரம்பித்தீர்கள் என்று தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் அது சின்னப் பொருளாகத்தான் இருக்கும். 'தி ஹாபிட்' தொடங்கி கொஞ்ச நேரத்திலேயே வட்டமான ஒரு பச்சைக் கதவு வருகிறது, நட்டநடுவில் பளபளக்கும் பித்தளைக் குமிழ். டிராகன் வருவதற்கு எத்தனையோ பக்கம் முன்னால் அந்தக் குமிழே நம்மை உள்ளே இழுத்துவிடுகிறது. குழப்பத்தையும் இப்படியே எழுதலாம். அதே முதல் அத்தியாயத்தில் 13 குள்ளர்கள் வந்து இறங்குகிறார்கள். டோரி, நோரி, ஓரி என்று பெயர்கள் வரும்போது யார் யாரென்று தெரியாமல் தலை சுற்றினால், அது நேர்மையான முதல் அபிப்பிராயம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'இழுவை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த அத்தியாயம், அங்கே எதை எதிர்பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

எந்தப் பதிப்பு என்பதையும் மறக்காமல் போடுங்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. 'தி ஹாபிட்'டின் 1937 பதிப்பில், குகையில் வாழும் கொல்லம் என்பவன், கதாநாயகன் பில்போவோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தன் மோதிரத்தையே பரிசாக வைக்கிறான், தோற்றதும் அதைக் கொடுக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டு வழிகாட்டி அனுப்புகிறான். இது வரும் ஐந்தாவது அத்தியாயம், 1951-இல் வந்த பதிப்பில் டோல்கீன் மாற்றி எழுதியபடி இருந்தது. இரண்டில் எதை முதலில் படித்தோம் என்பதைப் பொறுத்து கொல்லம் மேல் வரும் எண்ணமே வேறாக இருக்கும். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

கதையின் முடிச்சை அவிழ்க்காதீர்கள். உங்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிய கேள்வியை மட்டும் சொல்லுங்கள், பதிலைப் படிப்பவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். எத்தனையாவது பக்கம்வரை படித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால், அதைத் தாண்டாதவர்கள் நிம்மதியாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

புத்தகத்தை முடித்தபிறகு கருத்து மாறினால் பழைய குறிப்பைத் திருத்த வேண்டாம். கீழே தேதி போட்டு, எது மாறியது, எந்த அத்தியாயம் மாற்றியது என்று தனியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள்.